க்ரீம் டப்பாவில் பாஞ்சோ

ஜன்னலுக்கு வெளியே சோசிமில்கோ கால்வாயில் படகுகளின் பாட்டுச் சத்தம். அடுப்பில் பன்றிக்கொழுப்பு காய்ந்து சடசடக்கிறது. தெல்ஃபினோ ஃப்ரிட்ஜைத் திறக்கிறான். உள்ளே ஐந்து பெரிய க்ரீம் டப்பாக்கள். இந்த ஊரில் எந்த வீட்டிலும் அவற்றில் க்ரீம் இருந்ததில்லை; மிச்சச் சாப்பாடுதான் இருக்கும். வேகவைத்த பீன்ஸாக இருக்கும் என்று ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்தபடியே வாணலிக்கு மேல் சாய்க்கப் போகிறான். தண்ணீருக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு முகமொன்று, இறகு போன்ற செவுள்களைச் சிலிர்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறது. பாஞ்சோ. கால் முளைத்த மீன் போல, ‘அஹோலோத்தே’ என்ற நீர்ப்பிராணி; இந்த வீட்டுச் செல்லம். “ஐயோ, எம்புள்ள!” மனைவி ஒப்துலியா கரண்டியோடு பாய்கிறாள். “நாலு நாளா வெளிக்குப் போகாம வாலைத் தூக்கிக்கிட்டு மிதக்குது. குளிர்ச்சியில வச்சா வயிறு இளகும்னு மிருக டாக்டரம்மா சொன்னாங்க. நீ அதைத் தாளிக்கப் பாக்குற!” “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?” அவன் டப்பாவைச் சட்டென்று நிமிர்த்துகிறான்; தண்ணீர் தளும்புகிறது. கலங்கிய தண்ணீரில் கறுப்பாக ஏதோ மெல்லச் சுழன்று அடியில் படிகிறது. இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். ஒப்துலியா கண்கலங்கிச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். “வெளிக்குப் போயிடுச்சு!” “டாக்டரம்மாவால நாலு நாளா ஆகல. நான் ஒரே நிமிஷத்துல முடிச்சேன்” என்கிறான் தெல்ஃபினோ. ஆனாலும் அடுத்த டப்பாவைத் திறக்குமுன், விரலால் மெல்லத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறான்.