அன்னபாக்கியத்தின் விதைப்பு மெசின்

"ரெண்டு பால்மாட்டையும் வித்துப்போட்டு இந்தத் தகரப் பெட்டியையோ வாங்கினனீ?"

வரம்பில் நின்றபடி சிற்றம்பலம் கேட்டார். அரசாங்கம் வயற்காணி கொடுத்துக் குடியேற்றிய இரணைமடுக் கொலனியில் அன்னபாக்கியத்தின் பக்கத்துக் காணிக்காரர் அவர்.

"ஓம் அண்ணை," என்றாள் அன்னபாக்கியம்.

உழுது புழுதியாகக் கிடந்த வயலில் அந்தச் சாமான் நின்றது. இரண்டு சில்லு, மேலே ஒரு பெட்டி, கீழே இரண்டு குழாய். பெட்டிக்குள் நெல்லைக் கொட்டித் தள்ளிக்கொண்டு போனால், நெல் தானாகவே வரிசையாக மண்ணுக்குள் விழும். கப்பலில் வந்தது. அறுபத்தொன்றாம் ஆண்டு கொலனி முழுவதிலும் அது ஒன்றுதான்.

"பிள்ளையளுக்கு இனி வெறுந் தேத்தண்ணிதான். வீட்டிலை பால் இல்லை, முற்றத்திலை மெசின்! என்ர மனிசி கேக்கிறா, அதிலை பால் கறக்கலாமோ எண்டு. சங்கக் கடையடியிலை எல்லாரும் சிரிக்கினம்."

"சிரிக்கட்டும் அண்ணை."

அன்னபாக்கியத்தின் புருசன் காய்ச்சலில் போனபின் வரும் மூன்றாவது மாரிமழைக் காலபோகம் இது. முதல் இரண்டும் சரிவரவில்லை. விதைக்கப் பிந்தி, மழை முந்தி, விதைநெல் சேற்றுக்குள் அழுகிப்போனது. இந்த முறையும் விளையாவிட்டால் காணியைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அரசாங்கக் கந்தோரில் கதை.

அந்த நேரம் விவசாயப் போதனாசிரியர் பரமலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். இளந்தாரி, ஊருக்குப் புதிது. மெசினைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நல்ல வேலை செய்தனீங்கள்! வீசி விதைக்கிறதிலை பாதி விதைநெல் போதும் இதுக்கு. வரிசையா முளைக்கும். களை பிடுங்கவும் சுகம்."

"தம்பி, நீர் புத்தகத்திலை படிச்சதைச் சொல்லுறீர்." சிற்றம்பலம் விடவில்லை. "ஒரு ஆணி கழண்டால் கொழும்புக்கெல்லோ எழுதவேணும்? அது வந்து சேர அறுவடையும் முடிஞ்சிடும். குழாயிலை ஒரு மண்கட்டி அடைச்சால் அரை வயல் சும்மா கிடக்கும். தள்ளிக்கொண்டு போறவளுக்கு அது தெரியவும் வராது."

"பார்த்துப் பார்த்துத் தள்ளவேணும் ஐயா."

"குனிஞ்சு குழாயைப் பார்க்கிறதோ, நிமிர்ந்து வழியைப் பார்க்கிறதோ?"

"மிச்சம் பிடிக்கிற விதைநெல்லிலையே மெசினின்ர காசு வந்திடும்."

"எப்ப? இவளின்ர பேரப்பிள்ளையள் கலியாணம் கட்டேக்கையோ?"

இரண்டு பேரும் அன்னபாக்கியத்தைப் பார்த்தார்கள். அவள் சில்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை சொல்லுறதுதான் சரி தம்பி. மூண்டு ஏக்கர்க்காரருக்கு இது கட்டுப்படியாகாது. நானும் யோசிச்சுப் பார்த்துத்தான் வாங்கினனான்."

பரமலிங்கத்துக்கு முகம் விழுந்துவிட்டது. சிற்றம்பலத்துக்குக் குரல் உயர்ந்தது.

"கேட்டீரே! சும்மா கிடைக்கிறதை விட்டுட்டுக் காசைக் கொட்டினவள். போன ரெண்டு போகமும் இவளுக்கு ஆர் விதைச்சது? நான்! ஒரு சதம் வாங்கினனானோ? ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனானோ? அவளையே கேளும்."

"இல்லைத் தம்பி, அண்ணை ஒண்டும் வாங்கேல்லை."

"முதல் என்ர வயல். பிறகு என்ர தம்பிமாரின்ரை, பிறகு மச்சானின்ரை. அதுகள் முடிய உடனை இவளின்ரை. இடுப்பு முறிஞ்சாலும் சொன்ன சொல் மாறாமல் வந்து விதைச்சனான். இந்த முறையும் வாறன் எண்டுதான் சொன்னனான்."

"வருவியள் அண்ணை. அதுக்கு முதல் மழையும் வந்திடும்." அவள் குரலில் கோபம் இல்லை. கிழக்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"மழையை நானோ கூப்பிட்டனான்?"

பரமலிங்கம் மேகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப மழைக்கு முதல் விதைக்கத்தான் அக்கா இதை வாங்கினனீங்கள்?"

"ஓம் தம்பி."

"அதுக்கு மெசின் என்னத்துக்கு? விதைநெல் கடகத்தை இடுப்பிலை வைச்சு நீங்களே வீசி விதைச்சிருக்கலாமே. விதைக்கத் தெரியாதோ?"

"ஏன் தெரியாது? அவர் இருக்கேக்கை பாதி வயல் நான்தான் விதைக்கிறனான்."

"பிறகென்ன?"

"தம்பி, நேரம் போகுது. நீர் வெளிக்கிடும். உமக்குக் கந்தோரிலை வேலை இருக்குமெல்லோ," என்றார் சிற்றம்பலம். அவருக்குத் திடீரென்று ஒரு அவசரம் வந்துவிட்டது.

பரமலிங்கம் அசையவில்லை. அன்னபாக்கியம் விதைநெல் மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.

"அவர் செத்த வருசம், நேரத்தோடையே கடகத்தைத் தூக்கிக்கொண்டு வயலிலை இறங்கினனான். கைம்பெண்டாட்டியின்ர கையாலை விதை விழுந்தால் கொலனி முழுக்க விளையாது எண்டு வரம்பிலை நிண்டு மறிச்சுப்போட்டினம்."

"ஆர் மறிச்சது?"

சிற்றம்பலம் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மூட்டையைச் சரித்து, நெல்லைப் பெட்டிக்குள் கொட்டிவிட்டு, அன்னபாக்கியம் மெசினின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இந்த மெசினுக்குப் புருசன் சாகேல்லைத் தம்பி. இதை ஆரும் மறிக்க ஏலாது."