ஏழாவது கட்டம்

கணக்கு வாத்தியார் மூச்சிரைக்க மாடிப்படிகளில் ஓடி ஏறினார். “மத்தியானம் அரை மணி நேரம் கரண்ட் இல்ல சார்” என்று வாட்ச்மேன் கீழே சொல்லியிருந்தார்.

பழைய கேசட் வீடியோ கேம். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான் ஆட வேண்டும். மூன்று நாளாகப் பெட்டியை அணைக்காமல், நிறுத்தி நிறுத்தி ஆடி, ஏழாவது கட்டத்துக்கு வந்திருந்தார்.

கதவைத் திறந்தால், டிவியில் அதே ஏழாவது கட்டம்!

“அப்பாடா! நம்ம வீட்ல கரண்ட் போகலையா?”

“போச்சே” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

“அப்புறம் எப்படி? ஒரு உயிர்தானே மிச்சம் இருந்துச்சு, இப்ப ஒன்பது காட்டுது!”

“வந்ததும் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பீங்களேன்னு முதல்லேர்ந்து நானே ஆடி, நீங்க விட்ட இடத்துல நிறுத்தி வெச்சேன். உங்களுக்கு மூணு நாள். எனக்கு இந்தத் துணி காயற நேரம்தான்!”