புற்றுக்குப் பால்

“பாம்பு கடிச்சு செத்துட்டாங்க” என்றேன்.

என் அம்மா எப்படி இறந்தாள் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். தாம்பரத்து ஆஸ்பத்திரியில், என் மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று சொல்லி முடித்த கையோடு கேட்டார்.

அம்மாவுக்கும் இருந்திருந்தால் உங்கள் மகளைச் சீக்கிரமே பரிசோதிக்க ஆரம்பிக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அப்படி யாருக்கும் இல்லை என்றேன்.

பக்கத்தில் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, அஞ்சம்மாள் பெரியம்மா, தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள்.

“பாம்பு இல்லடி, ஜெயா. உங்கம்மாளுக்கும் இதேதான். மாருலதான் வந்துச்சு.”

அழுகை வரும் என்று நினைத்தேன். கைதான் ஓங்கியது. எழுபதைத் தாண்டிய கிழவி ஆயிற்றே என்று இறக்கிக்கொண்டேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கரணையில் சதுப்பை ஒட்டி எங்களுக்கு வயல் இருந்தது. முழுப் பரீட்சை லீவுக்கு என்னையும் தங்கைகளையும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பக் கூட்டி வந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வரப்பில் நடக்கும்போது காலில் பாம்பு கடித்துவிட்டதாம்.

நான் காலைத்தான் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

துணியைக் கழுத்துவரை சுற்றியிருந்தார்கள். வீடு முழுக்க ஊதுபத்தி. அதற்குமேல் கேட்க எனக்கு வயது போதவில்லை.

அன்றிலிருந்து பாம்புதான் என் எதிரி. நிலத்தை விற்றுக் கோவிலம்பாக்கத்தில் வீடு கட்டினோம். வாசலை இடுப்பளவு உயர்த்தச் சொன்னேன், மேஸ்திரி சிரித்தார். வீட்டைச் சுற்றி ஒரு செடி வளர விட்டதில்லை. கரண்ட் போனால் டார்ச் இல்லாமல் மகளைப் படி இறங்க விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றினேன். முட்டை வைத்தேன். என் அம்மாவோடு போகட்டும், என் பொண்ணை விட்டுடு என்று கெஞ்சினேன்.

பாவம் அந்தப் பாம்பு. ஒரு தப்பும் செய்யாமல் இத்தனை காலம் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறது.

போன வருஷம் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். மார்பகப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி ஏதோ ஆராய்ச்சி. குடும்பத்தில் யாருக்காவது இருந்தது என்று சொன்னவர்களை வேனில் கூட்டிப்போய் மேமோகிராம் எடுத்தார்கள். மற்றவர்களைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, மாதாமாதம் நீங்களே இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அங்கே இருந்த பெண் என்னிடமும் கேட்டாள். எங்க வம்சத்துலயே கிடையாது என்றேன், ஏதோ மெடல் வாங்கியவள் மாதிரி.

பெரியம்மா அப்போதும் என் பக்கத்தில்தான் நின்றாள். முகாமில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு.

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்று கத்தினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“மூணும் பொட்டப் புள்ளைங்க. நெசத்த சொல்லிக்கினு இருந்தா உங்கள எவன் கட்டியிருப்பான்?” என்றாள் பெரியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இப்பவும் சொல்றேன், வினிதா கல்யாணம் முடியிற வரைக்கும் மூச்சு வுடாத. சம்மந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா அத்தோட நின்னு பூடும்.”

சொல்லிவிட்டு என் தலையை வேறு தடவிக்கொடுத்தாள். பாசமாகத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள் என்று கேட்டேன்.

பெரியம்மா ஜிப்பைத் திறந்தாள். மூடினாள்.

எங்களைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக அம்மாவை யாரிடமும் காட்டாமலே விட்டிருக்கிறார்கள். உள்ளறையில் போட்டு, புண் வாடை வெளியே தெரியாமலிருக்க ஊதுபத்தி கொளுத்தி வைத்திருக்கிறார்கள். என் இரண்டு தங்கைகளுக்கும் இன்றுவரை தெரியாது. பெரியம்மா பெற்ற பெண்களுக்கும் தெரியாது. எல்லோரும் பாம்புக்குப் பயந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

போன் அடித்தது. வினிதா.

பல்லாவரத்தில் முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சம்மந்தியம்மாளின் சிரிப்பு போனிலேயே கேட்டது.

“அம்மா, சுகர் எவ்வளவு இருக்காம்?”

சுகர் டெஸ்டுக்குப் போகிறேன் என்று காலையில் என் மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பொய்யை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாகவே வாயில் வந்தது.

பெரியம்மா என் வாயையே பார்த்தபடி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“போனை ஸ்பீக்கர்ல போடு, வினிதா” என்றேன். “அத்தைக்கும் கேக்கட்டும். உன் பாட்டியப் பாம்பு கடிக்கல.”