பத்தாம் நம்பரின் முட்டி

மலையின் நிழல் மைதானத்தைப் பாதி மூடிவிட்டது. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு இன்னும் விசில் ஊதவில்லை. எதிரணியின் பத்தாம் நம்பர் சும்மா உதைத்துப் பழகும் பந்துகூட வலையைக் கிழிக்கிற வேகத்தில் போகிறது; ஒவ்வொன்றையும் அணித்தலைவன் மகாவீர் எண்ணிக்கொண்டு நிற்கிறான். ஜைன வீட்டுப் பிள்ளை, பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டியது டப்பாவிலேயே ஆறிக்கிடக்கிறது. தங்கள் அணியின் தடுப்பாட்டக்காரன் திருமலை பூட்ஸ் ஆணியைக் கருங்கல்லில் தேய்த்துக் கூராக்குகிறான். "அவன் உள்ள இருந்தா கப்பு நமக்கில்லண்ணா. முட்டியைப் பேத்துடட்டுமா?" பக்கத்தில் ஒருவன் சிரிக்கிறான். "மண்ணுல புழு சாகும்னு கிழங்குகூடத் திங்காதவருகிட்ட போய் கேக்கறான் பாரு." மகாவீர் குனிந்து பார்க்கிறான். சுண்ணாம்புக் கோட்டின்மேல் எறும்புகள் ஊர்கின்றன. மிதித்துவிடாமல் காலைத் தூக்கித் தள்ளி வைத்துக்கொண்டு, திருமலையின் காதோரம் சொல்கிறான்: "ரெஃப்ரி அந்தாண்ட திரும்பறப்போ பண்ணு."