வளையல் நின்ற இடம்

ஆறு மாதம் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடுமே என்று, அதைக் கழற்றிவைக்கச் செண்பகம் ஸ்பேனரோடு கிளம்பினாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த கணவர் இசக்கியப்பன் குரல் கொடுத்தார்.

“மைனஸை மொதல்ல கழத்து. அதுக்கும் முன்னாடி வளையலக் கழத்து. தங்கம் பட்டாலும் பொறி பறக்கும்.”

“நீங்க இப்படிக் கெடக்கையில கைய மூளியாக்கிட்டு நிக்கவா? மாட்டேன்.”

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவர் ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டினார்.

“அப்ப இதுல போடு. வீட்டுல யாரு கையிலயாவது கெடக்கட்டும்.”

நோய் தின்ற கை. நான்கு வளையல்களும் எங்கேயும் தட்டாமல் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயின. செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கறுப்பு வயரின் நட்டைத் திருகினாள்.

ஆறாம் மாதம், பேட்டரியைத் திரும்ப மாட்டும் நாள். “இப்ப பிளஸ்தான் மொதல்ல,” என்றபடி அவர் கையை நீட்டினார். முதல் வளையலே கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டது. சோப்புப் போட்டும் ஏறவில்லை.

“வலிக்குதுடி, விடு.”

“வலிக்கட்டும்,” என்று இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள் செண்பகம்.