பத்தாம் தேதியில் நின்ற வீடு

ஆவுடையம்மாள் வீட்டில் மட்டும் இன்னும் பத்தாம் தேதிதான். தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்தால்தான் காலண்டரில் ஒரு தாள் கிழிப்பேன் என்று புத்தாண்டன்று சபதம் செய்த அவள் கணவர் சங்கரலிங்கம், பதினோரு நாளாகச் செருப்பையே தொடவில்லை. ஊருக்கெல்லாம் விடிந்த நாட்கள் அந்தச் சுவரில் விடியவில்லை. அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களிடம்கூட, “இங்க இன்னைக்குப் பத்துதான்” என்றாள்.

அன்று காலை அவர் அடுக்களையை எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு நம்ம கல்யாண நாளுல்லா. பாயசம் வைக்கலையா?”

“இருபத்தொண்ணாம் தேதிதான கல்யாண நாளு? அதுக்கு இன்னும் பதினோரு நாளு கெடக்கே” என்றாள், சிரிப்பை முகத்தில் காட்டாமல்.

அவர் செருப்பை மாட்டினார். குளத்தைச் சுற்றி வந்தார், ஒரு தாளைக் கிழித்தார், திரும்பவும் போனார். ஏழாவது தாளைக் கிழித்ததும் மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியிருந்தது.

விடியுமுன்பே பாயசத்துக்கு ஊறப்போட்டிருந்த ஜவ்வரிசியை மூடிவைத்துவிட்டு ஆவுடை காலண்டரைப் பார்த்தாள். இன்னும் நாலு தாள். தன் செருப்பைத் தேடி எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

“எந்திரிங்க. ரெண்டு பேரு நடந்தா சுத்துக்கு ரெண்டு தாளுல்லா.”