மடியில் ஒரு சாப்பாட்டுப் பை

காலை நேர டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்களின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பனியன் கம்பெனிக்குப் போகும் சுகுணாவின் மடிக்கு வருஷக்கணக்காக ஒரே பைதான் வந்துகொண்டிருந்தது. கொடுக்கிறவன் பெயர் தெரியாது. நகங்களில் நீலம் ஒட்டியிருப்பதால் சாயப்பட்டறையில் வேலை என்று நினைத்திருந்தாள். ரசம் கொண்டுவரும் நாட்களில் பையைச் சாய்க்காமல் பிடிக்கவேண்டும் என்பது தெரியும். மழை நாளில் டப்பாவின் சூடு சேலையைத் தாண்டி வரும்.

கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு பஸ் விடுங்கள் என்று டிப்போவில் போய் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டவளும் அவள்தான். விட்டார்கள். அதன்பிறகு எல்லோருக்கும் சீட் கிடைத்தது. அவன் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். சுகுணாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் உட்காரவில்லை. அவன் சீட்டருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னால அத்தன சீட்டு காலியாக் கெடக்குதுங்க," என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க," என்றவள் தன் பையை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தான்.